செல்வி பாட்டு, மதினி பாட்டு

மதினி,

உங்கள் துணிப்பை என் மேசை மேல் இருக்கிறது. ஊதாப்பூ போட்ட ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வெட்டி, உள்ளே பழைய துண்டை மடித்து வைத்து, ஹார்ட் டிஸ்க்குக்கு என்றே நீங்கள் தைத்த பை. வாய்க்கு ஒரு பிரஸ் பட்டன். ஒரு வருஷம் பீரோவுக்குள் கிடந்ததில் பாச்சை உருண்டை வாசனை ஏறிவிட்டது. டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகும் பை அதே வடிவத்தில் விறைப்பாக நிற்கிறது. ஒரு தகரப் பெட்டிக்கு யாராவது சட்டை தைப்பார்களா என்று அன்றைக்கு நான் சிரித்தேன். "கீழ விழுந்தா உனக்கும் இல்ல எனக்கும் இல்ல, ஞாபகம் வச்சுக்க" என்றீர்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் அண்ணன்தான் இதை எடுத்துக்கொண்டு வந்தான். கடலிலிருந்து வந்த மறுநாள். பதினான்கு நாள் நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை, பதினான்கு நாள் வீடு என்ற கணக்கில்தான் இன்னும் அவன் ஆயுசு ஓடுகிறது. நீங்கள் போன பிறகு வீட்டுப் பதினான்கு நாளைத்தான் அவனால் தள்ள முடியவில்லை. பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறான்.

"ஏட்டி செல்வி, இதுலதான அவ பாட்டெல்லாம் இருக்கு?"

"ஆமா."

"புதன்கெழம திதிக்கு கூட்டம் கீட்டம்னு ஒண்ணும் வேண்டாம். படத்துக்கு முன்னால எல போட்டு, அவளுக்குப் பிடிச்ச பாட்ட வீட்டுல ஓட விடுவோம். நீ எடுத்துக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத்தான எல்லாம் தெரியும்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. உங்களுக்குப் பிடித்த பாட்டு என்ன என்று எழுதி வைத்திருந்த ஒரே இடத்தை என் கையாலேயே அழித்தவள் நான். அது அவனுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லை.

தாராவியை விட்டு செம்பூருக்குக் குடிவந்த புதிதில் நம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான். ஹாலும் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஜன்னலோரம் அதற்கு ஒரு மேசை போட்டோம். காலையில் நான் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வாஷிக்குப் போய்விட்டால் அது உங்களுடையது. சாயங்காலம் வந்தால் என்னுடையது. பாட்டு கேட்க எனக்கு ஒரு மென்பொருள், உங்களுக்கு ஒன்று. என்னுடையது நீலப் படம் போட்டது. பாட்டுகளை வருஷவாரியாக, இசையமைப்பாளர் வாரியாக, பாடியவர் வாரியாகப் பிரித்துக் காட்டும். உங்களுடையது பச்சை. அதில் பட்டியல் போடுவது சுலபம். இழுத்து விட்டால் விழுந்துவிடும். "ஒன் நீலக்காரன் ரொம்பப் பேசுதான். என் பச்சக்காரன் சொன்னத மட்டும் செய்வான்" என்பீர்கள்.

ஆரம்பத்தில் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் கிடந்தது. என் ஃபோல்டரில் ஒரு பிரதி, உங்கள் ஃபோல்டரில் ஒரு பிரதி. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோது நான் உங்களுடையதை அழிக்கச் சொன்னேன். நாத்தனார் இல்லையா, அப்படித்தான் வாய் வரும். நீங்கள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"எதுக்குப் புள்ள ரெண்டு? பானையில அரிசி ஒண்ணாவே கெடக்கட்டும். நீ உன் அடுப்புல பொங்கு, நான் என் அடுப்புல பொங்குதேன்."

அப்படியே செய்தோம். வெளியே வைக்கும் டிஸ்க் ஒன்று வாங்கி, எல்லாப் பாட்டையும் அதில் ஒரே ஃபோல்டரில் கொட்டினோம். நீலக்காரனும் பச்சைக்காரனும் அதே ஃபோல்டரைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே பாட்டைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டு, கேட்கும்போது போய் எடுத்து வந்து பாடுவார்கள். நான் போடும் ஐந்து ஸ்டார் நீலக்காரன் மனசில். நீங்கள் போடும் பட்டியல் பச்சைக்காரன் மனசில். ஒருவனுக்குத் தெரிந்தது அடுத்தவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்த உங்களுக்கும் எனக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் கேசட்டுகள் உள்ளே வந்தது அதற்குப் பிறகு. உங்கள் அம்மா வீடு தாராவியில், மீனவர் குடியிருப்பான கோலிவாடாவை ஒட்டிய சந்து. கதவைத் திறந்தால் மீனவர்களின் கல்யாணமும் ஹோலியும் உங்கள் வாசலில் நடக்கும். அந்தக் கல்யாணங்களில் பாடும் பெண்களை யாரோ ரெக்கார்டு செய்து கொடுத்த கேசட்டுகள், பெயர்கூட ஒட்டாதவை, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உங்களிடம் இருந்தன. டேப் ரெக்கார்டரின் காதுத் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இழுத்து, நான் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு பக்கமும் முழுசாக ஓடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றினீர்கள். பாட்டு 1, பாட்டு 2 என்று பெயர்.

ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன். டோலக்கும் கைதட்டலும் வாசல்வரை கேட்டன. நாலைந்து பெண்கள் மராத்தியில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மதினி இது, மீன் மார்க்கெட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு."

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்துவிட்டு டீ போட எழுந்தீர்கள். அதன் பிறகு அந்தப் பாட்டு என் காதில் விழவே இல்லை. ஏன் விழவில்லை என்று நான் ஒரு தடவைகூட யோசித்தது கிடையாது. செம்பூருக்கு வந்துவிட்டோம், மாட்டுங்காவில் கச்சேரி கேட்கப் போகிறோம் என்று நான் மிதப்பில் இருந்த காலம் அது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். என் ஆபீஸ் வேலை ஆவணங்களை அடுக்குவது. கப்பல் சரக்குப் பத்திரங்கள் எந்த வரிசையில், எந்தப் பெயரில், எந்த அலமாரியில் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். கலைந்து கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். நம் ஃபோல்டரைத் திறந்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் பாட்டும் குப்பையாய்க் கிடக்கும். நீலக்காரனிடம் ஒரு பொத்தான் உண்டு: எல்லாவற்றையும் அவனே பெயர் மாற்றி, பாடகர் பெயரில் ஃபோல்டர் போட்டு அடுக்கிவிடுவான். நிச்சயமாகவா என்று கேட்டான். நிச்சயமாக என்று அமுக்கினேன். நீங்கள் மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. என்ன அழகு மதினி. ஒவ்வொரு பாட்டும் அதனதன் வீட்டில். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் நீங்கள் பச்சைக்காரனைத் திறந்தீர்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. எதைத் தட்டினாலும் கிடைக்கவில்லை என்று சொன்னான். காலை, சமையல், துணி மடிக்க, அவுக வர்ற நாள், அவுக போற நாள் என்று ஆறு வருஷமாக நீங்கள் சேர்த்த பட்டியல் பதினொன்றும் வெறும் பெயராக நின்றன.

"செல்வி, பாட்டெல்லாம் எங்க?"

"அங்கதான் மதினி இருக்கு. ஒண்ணும் போகல. எடம் மாத்தி அடுக்கியிருக்கேன், அவ்வளவுதான்."

"எங்கிட்ட கேட்டியா?"

நான் நீலக்காரனைத் திறந்து காட்டினேன். பாருங்கள், எவ்வளவு சுத்தம் என்று. நீங்கள் ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் கேசட் பாட்டுகளில் பாடகர் பெயர் எதுவும் இல்லாததால் அவற்றையெல்லாம் ஒன்றாக அள்ளி ‘அறியப்படாதவர்’ என்ற ஃபோல்டரில் போட்டிருந்தான் அவன். அதைப் படித்ததும் உங்கள் முகம் மாறியது.

"அறியப்படாதவரா? இவங்க யாருன்னு எனக்குத் தெரியும்லா."

என்னைப் பார்க்காமலே மேலும் சொன்னீர்கள்.

"தாராவி வீட்ட இடிச்சு எங்கள டிரான்ஸிட் கேம்புல கொண்டு போட்டாங்க பாரு, அப்பவும் இதத்தான் சொன்னாங்க. ஒண்ணும் போகல, எடந்தான் மாறியிருக்குன்னு. ஒரு வருசம் எங்கம்மாவுக்கு ஒரு கடிதாசி வந்து சேரல."

நீங்கள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் தீர்ந்திருக்கும். கத்தவில்லை. மூன்று நாள் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. எனக்குச் சோறு போட்டீர்கள், மோர் ஊற்றினீர்கள், பேச்சு மட்டும் இல்லை. பழையபடி மாற்ற வழி உண்டா என்று ஆபீஸில் நாலு பேரிடம் கேட்டேன். ஒவ்வொரு பாட்டாகத் தேடி மறுபடி ஒட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு உட்கார்ந்து முப்பது பாட்டு ஒட்டியிருப்பேன். பின்னால் வந்து நின்று, "விடு புள்ள. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல" என்றீர்கள்.

அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டீர்கள். டிஸ்க்கில் உள்ள பெயரையோ ஃபோல்டரையோ இனி யாரும் தொடக் கூடாது. இருக்கிறபடியே இருக்க வேண்டும். நீலக்காரன் கையைக் கட்டிப் போட வேண்டும். நான் அப்போதே அந்தப் பொத்தானை அணைத்தேன்.

"அப்ப நீங்க பட்டியல் போட மாட்டீங்களா மதினி?"

"பட்டியல் வேண்டாம். நான் பாட்டுக்குள்ளயே எழுதிக்கிடுதேன். வெளிய நீ எத மாத்துனாலும் உள்ள இருக்கது இருக்கும்லா."

ஏதோ கோபத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என்ன எழுதுவீர்கள், எங்கே எழுதுவீர்கள் என்று கேட்கவில்லை.

சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்த வருஷம் உங்களை வாரத்துக்கு மூன்று நாள் காட்கோபர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டி வந்தது. தடவைக்கு நாலு மணி நேரம். சனிக்கிழமை நான் வருவேன். அண்ணன் கரையில் இருந்தால் மற்ற நாளில் அவன். இல்லையென்றால் நீங்களே ஆட்டோவில் போய்விட்டு வருவீர்கள். ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வருவதைப் பார்த்துக்கொண்டே எப்படி அத்தனை நேரம் படுத்திருப்பீர்கள் என்று, சேலைத் தலைப்பில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுப் பிளேயர் ஒன்று வாங்கி வந்தேன். அதை நிரப்பியதும் நான்தான். நீலக்காரனிடம் ஐந்து ஸ்டார் பாட்டுகளை எல்லாம் அள்ளித் தரச் சொன்னேன். என் ஸ்டார், என் தேர்வு, நானே ராஜா நானே மந்திரி. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல பாட்டு யாருக்கும் நல்ல பாட்டுதானே என்பது என் எண்ணம்.

"நல்லா இருக்கா மதினி?"

"நல்லா இருக்கு புள்ள. நாலு மணி நேரம் போனதே தெரியல."

நர்ஸிடம் பிளேயரைத் தூக்கிக் காட்டி, "எங்க நாத்தனா போட்டுக் குடுத்தது" என்று தமிழிலேயே சொன்னீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் பூரித்துப் போய் நின்றேன்.

மாதம் ஒரு முறை பாட்டு மாற்றிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, களைப்போடு ஜன்னலோர மேசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எதையோ தட்டுவீர்கள். எதற்கு இப்போது, படுங்கள் என்பேன். "இரு, மறந்துரும்" என்பீர்கள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு அந்த மேசையும் காலியாகிவிட்டது.

இதெல்லாம் மனசில் ஓட, அண்ணன் கேட்டதும் டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகினேன். பழைய கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது; அதற்கு முன்பே என் நீலக்காரனை மட்டும் ஸ்டார்களோடு லேப்டாப்புக்கு மாற்றியிருந்தேன். நீலக்காரனைத் திறந்தால் என் ஸ்டார்கள். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு வரியும் இல்லை. இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்திப் பாட்டு பத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிடலாம், அண்ணன் கண்டுபிடிக்கவா போகிறான் என்றுகூட நினைத்தேன். உங்கள் படம் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தத் திருட்டுத்தனத்தைச் செய்ய முடியவில்லை.

மூன்றாவது நாள், ஒரு ஏக்கத்தில்தான், பச்சைக்காரனைத் தேடி என் லேப்டாப்பில் ஏற்றினேன். இன்னும் இருக்கிறான் மதினி. நிறம்கூட மாறவில்லை. ஆனால் அவனுக்கு நம்மைத் தெரியவில்லை. பாட்டு எங்கே இருக்கிறது என்று முதல் நாள் போலக் கேட்டான். டிஸ்க்கைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனான். பாட்டின் பெயர், பாடியவர், நேரம். கடைசியில் நீலக்காரன் என்றைக்குமே எனக்குக் காட்டாத ஒரு கட்டம்: குறிப்பு.

அந்தக் கட்டம் காலியாக இல்லை.

நகராட்சிப் பள்ளியில் இந்தியில் படித்தவர் நீங்கள். தமிழைப் பேசுவீர்கள், எழுத வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தீர்கள். முதலில் புரியவில்லை. வாய்விட்டுப் படித்தபோது உங்கள் குரலில் கேட்டது.

செல்வி பாட்டு.

செல்வி பாட்டு. சத்தம் ஜாஸ்தி.

செல்வி பாட்டு. தூக்கம் வருது.

இவுகளுக்குப் பிடிக்கும்.

செல்வி பாட்டு. பரவால்ல.

செல்வி பாட்டு. ஊசி குத்தும்போது நல்லா இருக்கு.

பாட்டுக்குள்ளேயே எழுதிக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னது இதைத்தான். பச்சைக்காரன் மனசில் எழுதினால் அழிந்துபோகும் என்று ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டு, பாட்டின் உடம்பிலேயே எழுதியிருக்கிறீர்கள். நான் எங்கே மாற்றி வைத்தாலும் கூடவே வரும்படி. என் கையாலேயே அந்தப் பாட்டுகளைப் பிளேயரில் மாதாமாதம் ஏற்றினேனே, உங்கள் எழுத்தையும் சேர்த்துத்தான் ஏற்றியிருக்கிறேன். எனக்குக் கண் இல்லை.

முதலில் சிரிப்பு வந்தது. நான் உயிரை விடும் ஒரு பாட்டுக்கு, ‘செல்வி பாட்டு. எப்ப முடியும்’ என்று போட்டிருந்தீர்கள். ஒரு நிமிஷம் கோபமும் வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மாற்றித் தந்திருக்க மாட்டேனா, இரண்டு வருஷம் பிடிக்காத பாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா என்று உங்கள் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். அப்புறம் குறிப்புக் கட்டத்தை வரிசைப்படுத்தினேன். ‘என் பாட்டு’ என்று மட்டும் எழுதிய நாற்பத்து மூன்று பாட்டுகள் ஒன்றாக வந்து நின்றன. நாற்பத்து மூன்றும் ‘அறியப்படாதவர்’ ஃபோல்டரில் இருந்தன.

பாட்டு 1, பாட்டு 2. பெயரைக்கூட நீங்கள் மாற்றவில்லை. நான் கொண்டுபோய்த் தள்ளிய அதே ஃபோல்டரிலேயே விட்டு வைத்திருக்கிறீர்கள். வெளியே யாரும் தொடக் கூடாது என்று போட்ட சட்டத்தை மீறாமல் இருந்தது நீங்கள்தான். என் கோபமெல்லாம் அங்கே இறங்கிப் போய்விட்டது. மீன் மார்க்கெட் என்று நான் சொன்ன பிறகு எப்படிச் சொல்வீர்கள், "அந்த மீன் மார்க்கெட்டையே போட்டுக் குடு" என்று.

அழுதேன் மதினி. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அழுததைவிட அதிகம்.

புதன்கிழமை நான் லீவு போட்டேன். இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த அவியலும் பருப்புப் பாயசமும் வைத்தோம். இந்தச் சாப்பாட்டு விஷயம் மட்டும் அண்ணனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து, பச்சைக்காரனைத் திறந்து, பாட்டு 1-ஐத் தட்டினேன்.

டோலக் சத்தம் எழுந்ததும் அண்ணன் திரும்பினான்.

"என்னட்டி இது? மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல. இதுதான் மதினி பாட்டு. அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

அவன் நம்பாத மாதிரி பார்த்தான். அந்த நேரத்தில் வாசலில் யாரோ நின்றார்கள். பக்கத்து வீட்டுக்கு மீன் போட வந்த மௌஷி, மராத்திக்காரச் சித்தி. கூடையை இடுப்பில் இறக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். திதி நாளும் அதுவுமாக மீன் கூடையா என்று அண்ணன் கையைக் காட்டி விரட்டப் போனான். அவள் கூடையைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

"யே தோ பாபி கா கானா ஹை," என்றாள். மதினியின் பாட்டு ஆயிற்றே இது என்று. "மேரே ஸாத் காத்தி தி. ஹர் புத்வார்."

ஒவ்வொரு புதன்கிழமையும் அவளோடு சேர்ந்து பாடுவீர்களாம். நான் வாஷியிலும் அண்ணன் கடலிலும் இருந்த புதன்கிழமைகளில், நீங்கள் மீன் வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார, அவள் இந்தப் பக்கம் உட்கார, உள்ளே கம்ப்யூட்டர் பாட, நீங்கள் இருவரும் அதோடு பாட. அந்தக் கேசட்டில் பாடுவது யார் யார் என்று இரண்டு பேரைப் பெயரோடு சொன்னாள். ஒருத்தி அவளுடைய பெரியம்மா பெண். அறியப்படாதவர் இல்லை.

ஏழாவது பாட்டு வந்ததும் அவளும் கூடப் பாடினாள். யாரும் கேட்கவில்லை, தானாக வந்தது. கைதட்டிக்கொண்டு, வெற்றிலைக் காவி ஏறிய பல் தெரிய. எனக்கு மராத்தி பாதிதான் புரியும். எண்ணெய் மேடையில் நாள் கணக்கில் மராத்திக்காரர்களோடு பழகிய அண்ணனுக்கு நன்றாகவே புரியும். அவன் முகத்தைப் பார்த்து, என்ன பாட்டு என்று கேட்டேன்.

"கடலுக்குப் போனவன் எந்த வெள்ளத்துல திரும்புவான்னு கேக்கா," என்றான். "சோத்த மூடி வச்சிருக்கேன், ஆறதுக்குள்ள வந்துருன்னு."

உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"பதினாலு நாளைக்கு ஒருக்க நான் வந்துட்டுதான இருந்தேன், செல்வி. இதக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரேன்."

எனக்கும் தோன்றவில்லை அண்ணே என்றேன். மௌஷிக்கு ஒரு தம்ளர் பாயசம் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்துவிட்டு, உங்கள் படத்தைப் பார்த்து ஒரு தடவை தலையை அசைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாற்பத்து மூன்றும் ஓடி முடியும் வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் ஏழாவதை மட்டும் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னான்.

இப்போது என் லேப்டாப்பில் இருவரும் இருக்கிறார்கள். நீலக்காரன் கை இன்னும் கட்டித்தான் கிடக்கிறது. ஃபோல்டர் பெயரைத் திருத்திவிடலாம் என்று கை அரித்தது. பாடியவர்கள் பெயர்தான் இப்போது எனக்கும் தெரியுமே. ஆனால் உங்கள் சட்டம் சட்டம்தான். தொடவில்லை.

இன்னொன்றும் கண்டேன் மதினி, அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ‘செல்வி பாட்டு’ என்று தொடங்கும் குறிப்புகளில், நீங்கள் கடைசி மாதங்களில் திருத்தியவை என்று தேதி காட்டிய ஆறு பாட்டுகள் இருந்தன. பழைய குறிப்பு என்னவோ தெரியாது, அழித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆறிலும் ஒரே வரி: செல்வி பாட்டு. இப்ப பிடிக்குது.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, குழாயோடு படுத்துக்கொண்டு, பிடிக்கும்வரை கேட்டிருக்கிறீர்கள். எனக்காக என்று சொன்னால் "போடி" என்பீர்கள். வேறு எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் முழுக்க ரயிலில் உங்கள் பாட்டைத்தான் கேட்டேன். செம்பூரிலிருந்து வாஷி வரை எட்டுப் பாட்டு வரும். உள்ளதைச் சொல்கிறேன், டோலக் சத்தம் இன்னும் எனக்கு மண்டையில் ஏறுகிறது. நாலாவது பாட்டில் அந்தப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இழுக்கும்போது காதைப் பொத்தலாம் போலிருக்கிறது. அடுத்தவர் தோள் இடிக்கும் கூட்டத்தில், கடல்பாலம் வந்து காற்று அடிக்கும்போது மட்டும், பாட்டு 7-இல் ஒரு இடம் வருகிறது. சோற்றை மூடி வைத்தேன் என்கிற இடம். அங்கே மட்டும் கொஞ்சம் நிற்கிறேன்.

இன்று காலை பச்சைக்காரனைத் திறந்தேன். பாட்டு 7-இன் குறிப்புக் கட்டத்தில் ‘என் பாட்டு’ என்ற உங்கள் எழுத்தை அழிக்காமல், அதற்குப் பின்னால் ஒரு இடம் விட்டு, உங்களைப் போலவே ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

மதினி பாட்டு. பரவால்ல.